கியோட்டோவின் மரவீடுகளும் குளிர்காலமும்

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் வணிகர்களும் கைவினைஞர்களும் குடியிருந்தபடியே தொழில் நடத்திய மரவீடுகளுக்கு மச்சியா என்று பெயர். தெருவை ஒட்டிய முதல்கட்டு கடையாகவோ பட்டறையாகவோ இருக்க, அதன் பின்னே குடும்பம் வாழும் அறைகளும், நடுவே சிறு முற்றத் தோட்டமும், கடைசியில் சரக்கறையும் என ஒன்றன்பின் ஒன்றாக நீளும் இவ்வீடுகளின் அகலம் பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர்தான். நீளமோ இருபது மீட்டரைத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு. கும்பகோணம் பக்கத்து அக்ரகார வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு அவ்வளவு புதிதாகத் தோன்றாது. கியோட்டோ 794இல் தலைநகராக நிறுவப்பட்ட ஊர் என்றாலும், இன்று நிற்கும் மச்சியாக்களில் மிகப் பெரும்பாலானவை அத்தகைய பழமை உடையவை அல்ல. 1864இல் அரண்மனை வாயிலருகே மூண்ட படைமோதலில் பற்றிய தீ சுமார் 27,000 வீடுகளை அழித்த பிறகு எழுப்பப்பட்டவையும், அடுத்த எண்பது ஆண்டுகளில் அதே முறையில் கட்டப்பட்டவையுமே எஞ்சியுள்ளன. இன்று தேசியப் பண்பாட்டுச் சொத்தாகக் காக்கப்படும் சுகிமோதோ இல்லம்கூட 1870இல் கட்டப்பட்டதே. 1950இல் ஜப்பானின் கட்டடத் தரச் சட்டம் நடைமுறைக்கு வந்து, கான்கிரீட் அடித்தளமும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட வேறொரு கட்டுமுறையை விதித்ததால், பழைய முறையில் புதுவீடு எழுப்புவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. அந்த ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட நகர மரவீட்டையே மாநகராட்சி மச்சியா என்று வரையறுக்கிறது. ஆகவே இவ்வீடுகளின் எண்ணிக்கை குறையலாமே தவிர, இனிக் கூட வழியில்லை.

குறைந்தும் வருகிறது. 2008-09ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 47,700 மச்சியாக்கள் இருந்தன. 2016இல் அது சுமார் 40,000 ஆயிற்று. ஆண்டுக்குச் சுமார் 800 வீடுகள், அதாவது நாளொன்றுக்கு இரண்டு வீடுகள் இடிக்கப்பட்டன என்று அந்த இரண்டாவது கணக்கெடுப்பு காட்டிற்று. எஞ்சியவற்றிலும் ஏழில் ஒன்று பூட்டிக் கிடந்தது. வாரிசுரிமை வரி, நகர மையத்தின் நிலவிலை, நிலநடுக்கம் குறித்த அச்சம் ஆகியவை இதற்குக் காரணங்களாக எப்போதும் சொல்லப்படுகின்றன. ஆனால் அவ்வீடுகளில் வாழ்ந்தவர்கள், குறிப்பாக முதியவர்கள், முதலில் சொல்லும் காரணம் குளிர். மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த கியோட்டோவில் சனவரி இரவுகளின் வெப்பநிலை சுழியை நெருங்கும்; தரைக்கடியிலிருந்து ஏறும் குளிர் பாய்களின் வழியே கால்களுக்கு வந்து சேரும். வீட்டின் உள்ளே குறைந்தது 18 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. பழுதுபார்க்கப்படாத மச்சியாவில் கணப்பு உள்ள ஓர் அறையைத் தவிர மற்ற அறைகள் அந்த அளவுக்கு மிகக் கீழேதான் இருக்கும். சூடான குளியல் தொட்டியிலிருந்து சில்லிட்ட நடைக்கு வரும் முதியவரின் இரத்த அழுத்தம் சட்டென்று மாறுவதால் நேரும் மரணங்கள் ஜப்பானில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பேசப்படும் செய்தி.

மரபுவீட்டைக் காப்பதும் ஆற்றலைச் சேமிப்பதும் ஒன்றையொன்று விலக்கும் நோக்கங்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. காப்பவர்கள் எதையும் மாற்றக்கூடாது என்பார்கள், சேமிப்பவர்கள் எல்லாவற்றையும் அடைத்து மூடவேண்டும் என்பார்கள் என்று இரு தரப்பையும் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. கியோட்டோவில் கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் சீரமைப்புப் பணிகளைக் கூர்ந்து நோக்கினால் இந்தப் பிரிவினை தவறு என்பது விளங்கும். வீடு ஏற்கனவே எதைச் செய்துகொண்டிருக்கிறது என்று அறிந்து, அதன் மரமும் மண்ணும் நடந்துகொள்ளும் விதத்துக்கு ஒத்த பொருள்களை மட்டும், உரிய வரிசையில் சேர்த்தால் இரு பணிகளும் ஒரே பணியாகிவிடுகின்றன. வரிசை தவறினால் இரண்டுமே கெடுகின்றன.

மச்சியா கோடைக்காகக் கட்டப்பட்ட வீடு. ஆகஸ்டில் நண்பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தாண்டி, காற்றும் ஈரம் கனத்து அசையாமல் நிற்கும் ஊரில், இரு பக்கமும் அண்டைவீட்டுச் சுவர்கள் நெருங்கி நிற்க, தெருப்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே திறப்புகள் உள்ள நீண்ட வீட்டுக்குள் காற்றை வரவழைப்பது எளிதன்று. அதற்கான கருவி முற்றத் தோட்டம். சில சதுர மீட்டருக்கு மேற்படாத அந்தத் தோட்டத்தில் பாசியும், ஒரு கல்தொட்டியும், நிழலில் வளரும் ஒன்றிரண்டு செடிகளும் இருக்கும். உயர்ந்த கூரைகளின் நிழல் விழுவதால் அங்குள்ள காற்று தெருவின் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். பெரிய வீடுகளில் இத்தகைய தோட்டங்கள் இரண்டு இருக்கும். ஒன்றில் நீர் தெளித்தால் இரண்டுக்கும் இடையே வெப்பநிலை வேறுபட்டு, அந்த வேறுபாடே நடுவிலுள்ள அறைகளின் வழியே மெல்லிய காற்றை இழுக்கும். தெருவாசலிலிருந்து கொல்லை வரை வீட்டின் ஒரு பக்கமாக ஓடும் மண்தரை நடை, தமிழ்நாட்டு ரேழியை நீட்டியதுபோல் இருப்பது, இதே பணியைச் செய்கிறது. அதன் நடுப்பகுதியில் அடுப்புகள் இருந்தன. அவற்றுக்கு மேலே மாடித்தளம் போடாமல் கூரை வரை திறந்து விட்டிருப்பார்கள். புகையும் சூடும் அந்த உயர்ந்த வெளியில் ஏறி, உச்சியிலுள்ள திறப்பின் வழியே வெளியேறும். அதே திறப்புதான் இருண்ட நடுவீட்டுக்கு வெளிச்சமும் தந்தது.

ஜூன் மாதம் வந்ததும் வீடு உடைமாற்றிக்கொள்வதை இன்றும் சில குடும்பங்களில் காணலாம். அறைகளைப் பிரிக்கும் கனத்த காகிதக் கதவுகளைக் கழற்றிச் சரக்கறையில் அடுக்கிவிட்டு, அதே பள்ளங்களில் நாணற்குச்சிகளைக் கோத்த கதவுகளைப் பொருத்துவார்கள். பாய்களின்மேல் பிரம்பு விரிப்பை விரிப்பார்கள். தாழ்வாரத்தில் மூங்கில் தட்டிகள் தொங்கும். நாணற்கதவு வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. செப்டம்பர் முடிவதற்குள் எல்லாம் பழையபடி மாற்றப்படும். மின்சாரம் சிறிதும் செலவழிக்காத இந்த ஏற்பாட்டை முதலில் பிடுங்கி எறிந்துவிட்டு, பிறகு குளிர்சாதனத்தின் திறனைப் பற்றிக் கணக்கிடும் சீரமைப்பைச் சீரமைப்பு என்று சொல்வதே பொருந்தாது.

ஆனால் கோடையில் வரமாக இருந்தவை அனைத்தும் குளிரில் சாபமாகின்றன. தரைப்பலகைகளின் இடுக்குகளும், நன்கு பொருந்தாத மரச்சன்னல்களும், கூரைவரை திறந்த அடுப்படி வெளியும் சேர்ந்து சூட்டை நிமிடங்களில் வெளியேற்றிவிடும். பாய்க்கு அடியில் ஒரு மெல்லிய பலகை மட்டுமே உண்டு. அதற்குக் கீழே காற்றோடும் வெற்றிடமும் மண்ணும்தான். பழைய காலத்தில் இதற்கு விடை, வீட்டைச் சூடாக்காமல் மனிதரைச் சூடாக்குவது: கரி நிரப்பிய கணப்புத் தொட்டியும், மேசைக்கடியில் கனல் வைத்துப் போர்வை மூடிய அமைப்பும், பஞ்சு வைத்துத் தைத்த உடையும் அதற்குப் போதுமென்று கருதப்பட்டன. இன்றைய உடல்நலக் கணக்குக்கு அது போதாது.

சீரமைப்பு வெப்பத்தைப் பற்றிய பேச்சோடு தொடங்குவதில்லை. நீரோடும் கறையானோடும் தொடங்குகிறது. ஓடு நழுவிய கூரையிலிருந்து கசியும் நீரும், நடையின் ஈரமும், கறையானும் மச்சியாவின் மூன்று பகைகள். மச்சியாவின் தூண்கள் அடித்தளத்தில் முடுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு தூணும் தனித்தனிக் கல்லின்மேல் தன் எடையாலேயே நிற்கிறது. ஆகவே நூறு ஆண்டுகளில் சில கற்கள் புதைந்து, சில தூண்களின் அடி மக்கி, வீடு சரிந்து நிற்பது இயல்பு. கியோட்டோத் தச்சர்கள் அகேமாயே என்று சொல்லும் வேலையில் தூண்களை ஜாக்கி கொண்டு மெல்ல மெல்லத் தூக்கி, கற்களைச் சமன்செய்கிறார்கள். இகாமித்சுகி என்னும் அடுத்த வேலையில் சாய்ந்த சட்டகத்தை இழுத்து நேராக்குகிறார்கள். கூரையின் பாரத்தைக் குறைத்து, தேவையான இடத்தில் சுவரையும் விடுவித்த பிறகே இது முடியும் என்பதால், வீடு ஏறக்குறைய எலும்புக்கூடாகும் அந்தச் சில வாரங்கள்தான் பின்னால் தரைக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு வைக்கக் கிடைக்கும் ஒரே நல்ல வாய்ப்பு. அதைத் தவறவிட்டு, வீட்டை முடித்த பின் குளிருக்கு வழி தேடுகிறவர்கள் இருமடங்கு செலவழிக்கிறார்கள்.

மக்கிய தூணை முழுதாக மாற்றுவது அரிது. கெட்ட அடிப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தில் புதிய கால் பொருத்துகிறார்கள். இதற்குப் பயன்படும் கனவாத்சுகி என்னும் மூட்டில் பழைய தூணின் முனையும் புதிய துண்டின் முனையும் ஒரே வடிவில், படிபோல் இறங்கும் பள்ளமும் அதன் கோடியில் ஒரு சிறு நாக்கும் உள்ளவாறு செதுக்கப்படும். இரண்டையும் பக்கவாட்டில் கோத்து, நாக்குகள் எதிர்ப்பள்ளங்களில் புகும்படி நகர்த்தினால் நடுவே ஒரு சதுரத்துளை எஞ்சும். அதில் ஒரு முனை சற்றே மெலிந்த ஓக் மர ஆப்பை அடித்து இறக்கும்போது இரு துண்டுகளும் பிரிய முடியாமல் இறுகிவிடும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. ஆப்பைத் தட்டி எடுத்தால் மூட்டு மீண்டும் கழன்றுவரும். ஆகவே இன்னும் நூறு ஆண்டு கழித்து அந்தக் கால் மக்கினால், அன்றைய தச்சர் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வளங்குன்றாக் கட்டுமானம் என்று இன்று கருத்தரங்குகளில் விளக்கப்படுவதன் முழுப்பொருளும் அந்த ஓர் அடி மரத்துண்டில் இருக்கிறது.

சுவர்களுக்கும் இதே கதைதான். மூங்கில் சிம்புகளை வைக்கோல் கயிற்றால் கட்டிய படலின் இருபுறமும், வைக்கோல் கலந்து புளிக்க விட்ட களிமண்ணை அடுக்கடுக்காகப் பூசுவது மச்சியாவின் மண்சுவர். சரிந்த வீட்டை நிமிர்த்தும்போது இது பெயர்ந்துவிழும். விழுந்த மண்ணைக் குப்பையில் கொட்டாமல், நனைத்து, புது வைக்கோலும் புதுமண்ணும் சேர்த்துப் பிசைந்து மறுபடியும் பூசுகிறார்கள். பழைய சுவரின் மண் புதுமண்ணைவிட நன்றாகப் பிடிக்கும் என்பது பூச்சுவேலைக்காரர்களின் அனுபவம். கோடையின் ஈரத்தை உறிஞ்சி வறண்ட நாளில் வெளிவிடுவதும், பகலின் சூட்டை வாங்கி மெல்ல விடுவதும் இந்தச் சுவரின் இயல்பு. நிலநடுக்கத்தின்போதும் இதற்குப் பங்குண்டு: சட்டகம் ஆடும்போது மண் வெடித்து உதிர்ந்து அதிர்வின் ஆற்றலைச் செலவழிக்கிறது, மூட்டுகள் நெகிழ்ந்து கொடுக்கின்றன, தூண் கல்லின்மேல் சற்று நகர்ந்துகொள்கிறது. நீண்டகாலம் இந்த நெகிழ்ச்சியைக் கணக்கிடச் சட்டத்தில் வழியில்லாமலிருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஏற்கப்பட்ட புதிய கணக்குமுறைதான் மரபு மரவீட்டின் வலிமையை அதன் சொந்த அளவுகோலால் அளக்க இடந்தந்தது. 2005இல் மிகி நகரிலுள்ள மாபெரும் குலுக்கு மேடையில், பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்திய பழைய மச்சியா ஒன்று முழு அளவிலேயே சோதிக்கப்பட்டது.

கூரையில் பாதுகாப்பும் வெப்பக்காப்பும் ஒரே வேலையாகக் கூடுகின்றன. பழைய ஓடுகள் தடித்த மண்படுகையின்மேல் பதிக்கப்பட்டவை. 1995 சனவரியில் கோபே பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இத்தகைய கனத்த கூரைகளும் வலுவிழந்த தூண்களும் சேர்ந்தே ஏராளமான பழைய வீடுகளைச் சாய்த்தன. அந்த மண்ணை நீக்கி, ஓடுகளை மரச்சட்டங்களில் பிணைத்தால் உச்சியின் பாரம் வெகுவாகக் குறையும்; நீக்கிய மண்ணின் இடத்தில் வெப்பக்காப்புப் பலகையும், அதற்குமேல் காற்றோடும் ஓர் இடைவெளியும் வைத்துவிடலாம். தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கூரை பழையபடியே தோன்றும்.

வெப்பக்காப்பு என்பது சூடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடப்பதைத் தாமதப்படுத்தும் அடுக்கு. மண்சுவரின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.7, மரநாரை அழுத்திச் செய்த பலகையினுடையது சுமார் 0.04, அதாவது 5 செ.மீ. தடிமனுள்ள மரநார்ப் பலகை, 7 செ.மீ. மண்சுவரைப் போல ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். இந்த எண்ணைக் கண்டதும் எல்லாச் சுவர்களையும் உள்ளிருந்து மூடிவிடத் தோன்றும். அனுபவமுள்ள தச்சர்கள் அதற்கு உடன்படுவதில்லை, அவர்கள் சொல்வதே சரி. தூண்கள் வெளியே தெரியும் மண்சுவரைப் பலகையும் பிளாஸ்டிக் தாளும் கொண்டு மூடினால், சமையலறையிலும் குளியலறையிலும் எழும் ஈரக்காற்று ஏதோ ஓர் இடுக்கு வழியே உள்ளே புகுந்து, குளிர்ந்த மண்ணைத் தொட்டு நீராகும். கோடையில் குளிர்சாதனம் ஓடும்போது இதே தவறு எதிர்த்திசையில் நிகழும். வெளியே தெரியாமல் நனைந்தே கிடக்கும் தூணைக் கறையான் தேடிவரும். கண்ணாடியிழைக் கம்பளியை அள்ளித் திணித்த வீடுகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்க்கும்போது தெரியும் சேதம், குளிரில் நடுங்கிய நூறு ஆண்டுகளில் நேராதது.

ஆகவே காப்பு முதலில் தரைக்குச் செல்கிறது. பாய்களை எடுத்துப் பலகைகளைப் பெயர்த்தால் சட்டங்களுக்கு இடையே மரநாரோ செம்மறிக் கம்பளியோ வைக்க இடம் கிடைக்கும். இவை ஈரத்தை வாங்கி விடக்கூடியவை, பின்னாளில் எடுத்துவிடவும் எளியவை. அடுத்தது மாடியின் மேற்கூரை. பக்கச்சுவர்களை, அண்டைவீடு நெருங்கி நின்று காற்றைத் தடுக்கும் இடங்களில், பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். அண்டைவீடு இடிக்கப்பட்டு வெட்டவெளியான பக்கத்தில் மட்டும் வெளிப்புறமாகக் காப்பு வைத்து, அதன்மேல் கருக்கிய தேவதாருப் பலகைகளை அறைகிறார்கள்.

இதைவிடவும் முக்கியமான முடிவு ஒன்று உண்டு. இருபது மீட்டர் நீள வீடு முழுவதையும் ஒரே வெப்பநிலையில் வைக்க முயல்வதைவிட, அதற்குள் ஒரு பகுதியைத் தேர்ந்து, அதைச் சுற்றி மட்டும் காப்பையும் காற்றடைப்பையும் முழுமையாக்குவது. முதியவர் உறங்கும் அறை, சமையலறை, குளியலறை, இவற்றை இணைக்கும் நடை ஆகியவை இந்தச் சூடான பகுதிக்குள் வந்துவிட்டால், தெருப்பக்கத்து முன்கட்டும் தோட்டத்தைப் பார்த்த விருந்தறையும் பழைய நிலையிலேயே இருக்கலாம். பருவங்களை உணர்த்தும் அறைகளாக அவை தொடரும். இந்த முறையில் ஆற்றலும் குறைகிறது, மாற்றமும் குறைகிறது. முழுவீட்டையும் அடைப்பதை முன்னேற்றம் என்று கருதுவோரின் வாதத்தைவிட இது எல்லா வகையிலும் வலுவானது.

சன்னல்களில் கவனமாகப் பார்க்கவேண்டியது கண்ணாடி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பழைய கண்ணாடிகளின் பரப்பு சற்றே அலையலையாக இருக்கும். தோட்டம் அதன் வழியே மெல்ல நெளிவதாகத் தோன்றும். அவற்றை இன்று செய்வாரில்லை. ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு, சுமார் 6 வாட் வெப்பத்தை வெளியேவிடும். வழக்கமான இரட்டைக் கண்ணாடி தடிமனானது என்பதால் மெல்லிய பழைய மரச்சட்டத்தின் பள்ளத்தில் புகாது. 1997இல் ஜப்பானில் உலகிலேயே முதன்முறையாக விற்பனைக்கு வந்த வெற்றிடக் கண்ணாடி இந்தச் சிக்கலைத் தீர்த்தது: இரு தகடுகளுக்கு இடையே வெறும் 0.2 மி.மீ. இடைவெளி விட்டு, அதிலுள்ள காற்றை முழுவதும் உறிஞ்சி, தகடுகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்தூண்களை வைத்திருப்பார்கள். மொத்தத் தடிமன் சுமார் 6 மி.மீ.; வெப்ப இழப்பு கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. பழைய கண்ணாடி அழகானதாக இருந்தால் அதைத் தொடாமல், உட்புறம் இரண்டாவது மரச்சன்னல் ஒன்றை வைப்பது மேல். அதற்கும் உள்ளே காகிதக் கதவை இழுத்து மூடினால், இடையில் அடங்கும் காற்று மற்றோர் அடுக்காகிறது. சன்னல் சீரமைப்புக்கு ஜப்பானிய அரசு 2023 முதல் மானியம் தருகிறது.

கருவிகள் கடைசியில்தான் வரவேண்டும். வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே தரும் வெப்பமாற்றுப் பொறி, ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அல்லது நான்கு அலகு வெப்பம் தரக்கூடியது. ஓட்டை நிறைந்த வீட்டில் அதையே வைத்தால் அந்த நன்மை தெருவுக்குப் போய்விடும். சூரியத் தகடுகளைப் பொறுத்தவரை கியோட்டோவின் தெருக்கள் தாமே ஒரு விதியை வகுத்திருக்கின்றன. மச்சியாவின் கூரைமுகடு தெருவுக்கு இணையாக ஓடுவதால் ஒரு சரிவு தெருவையும் மற்றொன்று கொல்லையையும் நோக்கும். கிழக்கு மேற்காகச் செல்லும் தெருவின் தென்வரிசை வீடுகளில் தெற்குச் சரிவு பின்புறம் அமைவதால் தகடுகள் யார் கண்ணிலும் படாது, வடவரிசை வீடுகளிலோ அதே சரிவு தெருவை நோக்கி இருக்கும். 2007இல் நகர மையத்தின் கட்டட உயரத்தை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைக்குமளவுக்கு நகரத் தோற்றத்தைப் பேணும் கியோட்டோவில், வடவரிசை வீட்டுக்காரர் தகடுகளைத் தவிர்த்துவிட்டு அந்தப் பணத்தைத் தரைக்கும் சன்னலுக்கும் செலவிடுவதே அறிவுடைமை.

2025 ஏப்ரல் முதல் ஜப்பானில் கட்டப்படும் புது வீடுகள் அனைத்தும் ஆற்றல் சேமிப்புத் தரத்தை எட்டவேண்டும் என்பது சட்டம். அத்தரத்தைக் கணக்கிடும் சூத்திரம் காப்பு அடுக்கின் தடிமனை நன்றாக எண்ணும். தாழ்ந்த கூரைவிளிம்பு தரும் நிழலையும், மண்சுவரின் ஈரம் வாங்கும் குணத்தையும், நாணற்கதவின் காற்றையும் எண்ணத் திணறும். மண்சுவர் முதலிய வட்டார மரபுகளைப் பின்பற்றும் வீடுகளுக்கு வெளிச்சுவர்த் தரத்திலிருந்து விலக்கு அளிக்கும் பிரிவொன்று சட்டத்தில் சேர்க்கப்பட்டது நல்ல செயல். ஆனால் அதே 2025 ஏப்ரலில், இரண்டு மாடி மரவீட்டின் முக்கிய உறுப்புகளில் பாதிக்குமேல் பழுதுபார்ப்பதற்கும் முன்னனுமதிச் சான்று தேவை என்ற மாற்றமும் வந்தது. பாதுகாப்பை எண்ணிச் செய்த மாற்றம் என்றாலும், கல்லின்மேல் நிற்கும் வீட்டை வைத்திருப்பவருக்கு அது பெரும் தடை. பலர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டு இடிக்கத் துணிவார்கள் என்ற தச்சர்களின் கவலையைப் புறந்தள்ள முடியாது.

இடிப்பதன் கணக்கு மின்கட்டணத்தில் தெரிவதில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு டன் மரம் சுமார் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடைத் தன்னுள் அடக்கி நிற்கிறது. வீட்டை இடித்து மரத்தை எரித்தால் அது முழுவதும் காற்றுக்குத் திரும்பும். புதுவீட்டின் கான்கிரீட்டுக்கான சிமென்ட் வேறு சேரும். ஜப்பானில் இடிக்கப்படும் வீடுகளின் சராசரி வயது முப்பது, நாற்பது ஆண்டுகளைத் தாண்டுவதில்லை என்பதையும், 2023இல் அந்நாட்டில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நூறு ஆண்டு நின்ற மச்சியாவை இடித்து அவ்விடத்தில் ஆற்றல் சேமிக்கும் புதுவீடு கட்டுவதைச் சேமிப்பு என்று கணக்கெழுதுவது எவ்வளவு தவறென்று புரியும். புவிவெப்பத்தைக் கூட்டும் வாயுக்களின் வெளியீட்டுக்குக் கட்டாய வரம்பு விதித்த முதல் பன்னாட்டு உடன்படிக்கை 1997இல் ஏற்கப்பட்டுப் பெயர்பெற்றதும் இதே கியோட்டோவில்தான்.

வேறொரு வகை இழப்பும் உண்டு. தெருப்பக்கத்து மரக்கிராதியையும் மாடியின் மண்கம்பிச் சன்னலையும் மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே மண்சுவர்களை உடைத்து, முற்றத் தோட்டத்தைக் கூரைபோட்டு அறையாக்கி, ஜிப்சம் பலகையால் மூடிய விடுதிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருகியுள்ளன. புகைப்படத்தில் அவை மச்சியாவாகவே தோன்றும். காற்றோடும் வழி அடைபட்டதால் வெயில்காலம் முழுவதும் குளிர்சாதனம் ஓடியாகவேண்டிய கட்டடம் அது. மரபும் போயிற்று, சேமிப்பும் போயிற்று.

இவற்றுக்கு எதிராக நகரத்தில் நடந்த முயற்சிகள் மதிப்புக்குரியவை. 1992இல் மச்சியா மறுசீரமைப்பு ஆய்வுக் கழகமும், 1999இல் தச்சர்களும் பூச்சுவேலைக்காரர்களும் ஓட்டுவேலைக்காரர்களும் சேர்ந்த வேலைக் குழுவும், 2005இல் சீரமைப்புக்கு உதவும் நிதியமும் தோன்றின. உலக நினைவுச்சின்ன நிதியம் 2010இலும் 2012இலும் மச்சியாக்களைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2012இல் மாநகராட்சி இயற்றிய விதி, மதிப்புமிக்க மரவீடுகளைக் கட்டடச் சட்டத்தின் சில பிரிவுகளிலிருந்து விலக்கி, மாற்றுப் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு சீரமைக்க வழிசெய்தது. 2017ஆம் ஆண்டு விதியின்படி, குறிப்பிட்டு அறிவிக்கப்பட்ட மச்சியாவை இடிக்க நினைப்பவர் ஓராண்டுக்கு முன்பே தெரிவிக்கவேண்டும். அந்த ஓராண்டில் வாங்குவோரையோ வாடகைக்கு எடுப்போரையோ தேடித்தர நகராட்சி முயலும். வீட்டின் அமைப்பு, வரலாறு, நிலை ஆகியவற்றைப் பதிவுசெய்த நோயேடு போன்ற ஆவணமும் வழங்கப்படுகிறது. வயதான மரவீட்டுக்கு மதிப்பே இல்லை என்று கடன் மறுத்துவந்த வங்கிகளில் சில, அந்த ஆவணத்தை ஏற்றுக் கடன் தரத் தொடங்கியது பெரிய மாற்றம்.

கண்ணாடியும் மரநாரும் கடையில் கிடைக்கும். மூட்டைச் செதுக்கும் கை கிடைப்பதுதான் அரிதாகி வருகிறது. ஜப்பானின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1980இல் தச்சர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். 2020இல் மூன்று லட்சத்துக்கும் குறைவு. அவர்களிலும் கனவாத்சுகி மூட்டைக் கைக்கருவியால் செதுக்கத் தெரிந்தவர்கள் சிறுபான்மையினர். அதே 2020இல் யுனெஸ்கோ ஜப்பானிய மரக்கட்டடக் கலையின் 17 கைத்திறன்களை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலைவிட அவர்களுக்குத் தேவை வேலை. பழைய மரவீட்டைச் சீரமைக்க முனைகிறவர், அது கியோட்டோவில் இருந்தாலும் வேறெங்கிருந்தாலும், மதிப்பீட்டில் சூரியத் தகட்டுக்கும் குளிர்சாதனத்துக்கும் தொகை ஒதுக்குமுன், மூத்த தச்சரோடு கூடவந்து கற்றுக்கொள்ளும் ஓர் இளைஞரின் கூலியையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.